ஒரே தொட்டியில் முக்கியெடுத்த இரண்டு டிஸ்க்

ராமராஜனுக்கு வேண்டியது இரண்டே இரண்டு ஹார்டு டிஸ்க். அதற்குப் போய் வசீமின் கம்ப்யூட்டர் கடையில் பதினாலு டப்பாவைப் பிரித்து மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றின் முதுகிலும் இருந்த நம்பரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால் கடைக்காரனுக்குக் கோபம் வருமா வராதா? வசீம் நல்ல பிள்ளை. வாயை மூடிக்கொண்டு டீ சொன்னான்.

சமாசாரம் இதுதான். ராமராஜனுடைய பெரியப்பா முனிரத்தினம் கூத்தில் ராஜ வேஷம் கட்டியவர். வாயைத் திறந்தால் மைக் தேவையில்லை. போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன்; உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. அவர் விடிய விடியப் பாடி ஆடியதைப் பத்து வருஷமாகப் படம் பிடித்தவன் ராமராஜன். அத்தனையும் மெமரி கார்டுகளாகவும் பழைய போன்களாகவும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டர் பெட்டியில் ஏற்றி, செவிலிமேட்டு வீட்டு ஹாலில் வைத்து, வேண்டும்போது டிவியில் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சரக்கு. ஒன்று போனால் மற்றது காப்பாற்றும்.

அவன் மனைவி கலையரசி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டூட்டி முடித்துவந்து பகலில் அந்த ஹாலில்தான் படுப்பாள். "உங்க பெட்டி கொசு அளவுக்குச் சத்தம் போட்டாலும் மொட்டை மாடிக்குப் போயிடும், வெயில்ல வேகட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே வசீம் பார்த்துப் பார்த்து எடுத்தான். அதிகம் சூடாகாத, தலையில் விசிறியே தேவைப்படாத பிராசஸர். உள்ளே பஞ்சு ஒட்டிய கேபினெட். காற்றுக்கு ஒரே ஒரு பெரிய ஃபேன், அதுவும் சோம்பேறித்தனமாகச் சுற்றுவது. அதுவரை தகராறு இல்லை. டிஸ்க்கில்தான் வந்தது.

"அண்ணா, ரெண்டும் வேற வேற லாட்டா எடுத்துக்கோ. ஒரே லாட்டுன்னா, அதாவது ஒரே நாள்ல ஒண்ணா செஞ்சதுன்னா, ஒண்ணுல இருக்கிற கோளாறு இன்னொண்ணுலயும் இருக்கும். ஒண்ணு போனா பின்னாடியே அதுவும் போவும்."

ராமராஜனுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாகச் சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவனிடம் பேசுகிற பேச்சா இது? "இன்னாபா சொல்ற? ஒரு புடவைக்கான நூலை ரெண்டு தொட்டியில முக்குனா ஷேடு மாறிப்போவும். கடைக்காரன் மூஞ்சியில வீசுவான். ஜோடின்னா ஒரே தொட்டி, ஒரே நாள்."

"இது புடவை இல்லண்ணா."

"எல்லாம் ஒண்ணுதான். நீ சும்மா இரு."

பதினாலாவது டப்பாவில் கிடைத்தது. ஒரே தேதி, அடுத்தடுத்த நம்பர். பெண்ணுக்கு ஜாதகம் பொருந்தியதுபோல் ராமராஜன் பூரித்துப்போனான்.

வீட்டில் பெட்டி ஏறியதும் கலையரசி பாயைப் போட்டுப் படுத்து, கண்ணை மூடி, கால் மணி நேரம் காது கொடுத்தாள். "இன்னாவோ கிர்ருனு அடியில ஒதறுது" என்றாள். எழுந்துபோய்த் தன் பழைய ஹவாய் செருப்பை நாலு துண்டாக வெட்டிப் பெட்டிக்கு அடியில் கொடுத்தாள். சத்தம் நின்றது. அன்று மத்தியானமே குறட்டை விட்டாள். ராமராஜன் மெமரி கார்டுகளையும் பழைய போன்களையும் துடைத்து அழித்து, அடுத்த கூத்துக்கு எடுத்துவைத்தான். என்ன புத்திசாலித்தனம்!

ஐந்து மாதம் ஓடியது. குரல் போனதிலிருந்து தன் படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று முரண்டு பிடித்த பெரியப்பா, ஒருநாள் பேப்பரில் எழுதிக் கொடுத்தனுப்பினார்: 'ஞாயிற்றுக்கிழமை வரேன். போட்டுக் காட்டு.' ராமராஜனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரம்தான் ஹாலில் டிக், டிக் என்று கேட்க ஆரம்பித்தது.

"பல்லிம்மா" என்றான் ராமராஜன். வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்த ஊர்க்காரன் வேறென்ன சொல்வான்? பஞ்சாங்கத்தைப் புரட்டித் திசையும் பார்த்தான். நல்ல சேதி வரும் என்று போட்டிருந்தது. பெரியப்பா வருகிறார் அல்லவா, சரியாகத்தான் இருந்தது. மூன்று நாள் பல்லி சொல்லச் சொல்ல இவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கலையரசி தலைவிரிகோலமாக எழுந்து உட்கார்ந்தாள். "ஏங்க, எந்தப் பல்லி மூச்சு விடாம அரை மணி நேரம் சொல்லிக்கினே இருக்கும்? இது ஐ.சி.யூ சத்தம். உங்க பெட்டிக்குத்தான் இன்னாவோ ஆயிருக்குது."

வசீம் ஓடிவந்தான். டிஸ்க் பழுது என்று பெட்டியே நாலு மெயில் அனுப்பியிருந்தது. ராமராஜன் மெயிலைத் திறந்து வருஷக்கணக்காகிறது. "ஒண்ணு முடிஞ்சுதுண்ணா. இன்னொண்ணும் தடுமாறுது. ஒரே தொட்டி ஆச்சே, விட்டுக்கொடுக்குமா?" என்று சொல்லிவிட்டு, ராமராஜன் முகத்தைப் பார்த்ததும் வசீம் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். கையோடு வேறு லாட் டிஸ்க் ஒன்று கொண்டுவந்திருந்தான். "அக்கா கண்டுபுடிக்கலன்னா எல்லாம் போயிருக்கும். இதுல காப்பி எடுக்கறேன். ஆனா பாதியில நின்னாலும் நிக்கும். எதை முதல்ல எடுக்கட்டும்?"

அதில் ராமராஜனின் கல்யாண வீடியோவும் இருந்தது. கூத்தில் அவனே கோமாளி வேஷம் கட்டி ஊரைச் சிரிக்கவைத்த மூன்று வருஷமும் இருந்தது. கலையரசியைப் பார்த்தான்.

"நம்ம கல்யாணத்துல நீங்க மூக்கைச் சிந்திக்கினு நின்னதைத்தான் பாக்கணுமா? பெரியப்பாவை எடுப்பா வசீம்" என்றாள்.

பெரியப்பாவின் பத்து வருஷமும் ஒவ்வொன்றாக வந்தது. கலையரசி தூங்கவில்லை, பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து நோயாளிக்கு நாடி பார்ப்பதுபோல் காதை வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமும் வந்துவிட்டது. கோமாளி ஏறத் தொடங்கும்போதே இரண்டாவது டிஸ்க்கும் டிக் என்றது, நின்றது. ராமராஜன் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை முனிரத்தினம் வேட்டியும் கழுத்தைச் சுற்றிய துண்டுமாக வந்து டிவிக்கு நேரே உட்கார்ந்தார். ராமராஜன் படத்தைப் போட்டான். திடுமென்று அவர் குரல் எழுந்தது. கிண்ணென்ற அதே குரல்! பெரியவரின் உதடு ஒவ்வொரு அடிக்கும் அசைந்தது, கை தானாக மீசைக்குப் போனது. கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கவில்லை. முடிந்ததும் ராமராஜன் தோளில் ஓங்கி ஒரு அறை வைத்தார். அது அவர் பாராட்டு.

பிறகு சுற்றும் முற்றும் பார்த்து, இரண்டு கையாலும் கோமாளிக் குல்லாய் போல் தலைக்கு மேல் காட்டினார். உன்னுது எங்கே?

"அது போச்சு பெரியப்பா. என் முட்டாள்தனம்" என்றான் ராமராஜன்.

முனிரத்தினம் பேப்பரை எடுத்து எழுதி நீட்டினார். 'போனா இன்னா. உனக்குத் தொண்டை இருக்குதே. எழுந்து ஆடு.'

ராமராஜன் அதை இரண்டு முறை படித்தான். அப்புறம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹால் நடுவில் நின்றான். முதலில் குரல் நடுங்கியது. பெரியவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்ததும் எடுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

டூட்டி முடித்துவந்து இன்னும் படுக்காத கலையரசி போனை எடுத்துச் சுவரில் சாய்த்துவைத்து ரெக்கார்டை அழுத்தினாள். "கத்துங்க கத்துங்க. நான் அப்புறம் தூங்கிக்கிறேன்" என்றாள். "நாளைக்கு வசீம்கிட்ட இன்னொரு டிஸ்க் வாங்கிக்கினு வாங்க. நம்பரைப் பாக்காம வாங்கிக்கினு வாங்க."