வெள்ளியில் வேதம், ஞாயிறில் சைவம்

குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையே, இடுப்பளவு தண்ணீரில் ஜசிந்தா களங்கட்டி வைத்திருந்தாள். கம்புகளை வரிசையாக நட்டு வலையைக் கட்டினால் அது கடலுக்குள் ஒரு வேலி. வேலி தட்டுப்பட்ட மீன் பின்னுக்குத் திரும்பாது, ஆழத்தைத் தேடி வேலியோடே போகும். வேலி முடிகிற இடத்தில் ஆழம் இல்லை, வாசல் குறுகிய வலைக்கூடுதான் இருக்கிறது. உள்ளே போன மீனுக்கு வாசல் மறந்துபோகும். இரண்டு நாள் கழித்துப் போனாலும் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும்.

இத்தனை நேர்த்தியான பொறியை, சிறகுள்ள பெரிய கடற்பாம்பான பறவைநாகம் படுத்தபடியே வென்றுவிட்டது. கூட்டுக்குச் சற்று முன்னால் தன் உடம்பை இன்னொரு வேலியைப் போல வளைத்துக் கிடத்தும். மீன் அதையும் வலையென்று நம்பி, அதன் ஓரமாகவே நீந்தி, திறந்திருக்கும் வாய்க்குள் போய்ச் சேரும். ஒரு கண்ணி அறாது, ஒரு கம்பு சாயாது.

கத்தோலிக்கக் கோவிலின் திருநாள் வரைக்கும் கூடு வெறுமையாகக் கிடந்தால் இடத்தை அடுத்தவருக்கு விடவேண்டும் என்பது கடற்றொழில் சங்கத்தின் கட்டுப்பாடு. அடுத்தவன் மிரோஜன். பறவைநாகத்தைத் தான் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைத்து, அவன் தன் களங்கட்டிக்குக் கம்புகளை வெட்டிக் கரையில் அடுக்கியும் விட்டான். ஜசிந்தாவைக் காணும்போதெல்லாம் இரக்கத்தோடு சுகம் விசாரித்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

முதலில் அந்தக் கோவிலிலிருந்து பாதிரியார் டெனிஸ்ரன் சுவாமியைத் தீர்த்தத்தோடு கூட்டிவந்தாள். தான் நயினை அம்மனுக்குப் பூக் கொண்டுபோன நாகத்தின் உறவு என்றும், சுவாமியின் தீர்த்தம் தன்மேல் செல்லாது என்றும் அது பணிவாகச் சொல்லியது. அடுத்த வெள்ளிக்கிழமை கைலாசபதி ஐயரைக் கூட்டிவந்தாள். அம்மனின் ஆள் வெள்ளியில் மீன் மச்சம் தொடலாமோ என்று ஐயர் கேட்டார். தான் தேவதூதரான மிக்கேல் சம்மனசின் காலடியில் மிதிபட்டுக் கிடந்த உருப்படி என்றும், வேதக்காரரான கத்தோலிக்கருக்கு வெள்ளியில் இறைச்சிதான் ஆகாது, மீன் ஆகும் என்றும் அவருக்குப் பதில் வந்தது. ஞாயிறில் வேதக்காரர் தொழிலுக்குப் போவதில்லை. அன்றைக்கு அது திரும்பவும் சைவம்.

ஜசிந்தாவுக்குத் தலை வெடித்தது. இரண்டு பக்கமும் அலைந்தே செருப்பு அறுந்துவிட்டது.

அவளுக்கு ஒரே ஒரு பிடி இருந்தது. உலகத்தைப் படைத்தபோது கடலை அளக்க விரித்த கயிறுதான் பறவைநாகம் என்பார்கள் தீவார். அளந்து முடிந்ததும் சுருட்டி வைக்க மறந்துவிட்டார்களாம். அளவுகயிறு என்பதால், கொடுத்த வாக்கை நீட்டவோ குறுக்கவோ அதற்கு ஏலாது. ஆகவே யாருக்கும் முழு வாக்குக் கொடுக்காமல் வழுக்கிக்கொண்டே திரிந்தது.

அவள் சுவாமியையும் ஐயரையும் ஒரே வள்ளத்தில் ஏற்றினாள். இருவரும் ஒருவரையொருவர் மிகவும் மதிக்கிறவர்கள். அதனால் பறவைநாகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மாறி மாறி உபசரித்தார்கள். அது கண்ணை மூடி இரசித்துக்கொண்டு கிடந்தது.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ," என்றாள் ஜசிந்தா. பிறகு அதனிடம் திரும்பினாள். "நீர் ஆரின்ர ஆள்? ரெண்டு பேருக்கும் முன்னால ஒருக்காச் சொல்லும்."

பறவைநாகம் யோசித்தது. சைவம் என்றால் வெள்ளி போய்விடும். வேதம் என்றால் ஞாயிறு போய்விடும். இரண்டையும் இழக்க அதற்கு மனம் வரவில்லை.

"நான் ரெண்டு பகுதிக்கும் சொந்தம், தங்கச்சி."

"நல்லது. அப்ப ரெண்டு பகுதியின்ர கட்டுப்பாடும் உமக்குத்தான். வெள்ளி மச்சமில்லை, ஞாயிறு தொழிலில்லை. அந்த ரெண்டு நாளும் என்ர களங்கட்டிப் பக்கம் தலை வைக்கக்கூடாது."

சொன்ன வாக்கு சொன்னதுதான். அதன் சிறகு மெல்லத் தண்ணீருக்குள் இறங்கியது.

"ஓம்," என்றது கடைசியில். "கட்டுப்பாடு ரெண்டும் எண்டால் பந்தியும் ரெண்டும்தானே? அம்மன் கோவில் அன்னதானத்திலயும் திருநாள் சாப்பாட்டிலயும் எனக்கு இலை போடவேணும்."

இல்லை என்று சொல்ல எந்தச் சமயத்திலும் இடமில்லை. சுவாமி ஐயரைப் பார்த்தார், ஐயர் சுவாமியைப் பார்த்தார், பிறகு இருவரும் ஜசிந்தாவைப் பார்த்தார்கள். ஒழுங்குபண்ணினது அவள், பரிமாறுவதும் அவள்.

வெள்ளி விழுந்த மீன் சனி காலையில் அவளுக்கு வந்தது. ஞாயிறு விழுந்தது திங்கள் வரை காத்திருந்தது. ஓராவும் திரளியுமாக மீன்கள் கூட்டுக்குள் இடிபட்டன. சங்கத்தார் வந்து பார்த்து, இடம் அவளுக்கே என்றார்கள். மிரோஜன் கம்புகளை வீட்டு வேலியடைக்கக் கொண்டுபோனான்.

அன்னதானத்தன்று பறவைநாகம் இறங்குதுறையில் தாடையை வைத்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. ஜசிந்தா ஆறாவது கிடாரத்துச் சோறுகறியை அதற்குள் சரித்தாள். அது மென்று, விழுங்கி, சற்று நேரம் யோசித்தது.

"பூசணிக்காய்க் கறிக்கு உப்புக் காணாது, தங்கச்சி."

"கடலுக்குள்ள கிடக்கிறவருக்கு உப்புக் காணாதாம்," என்று ஐயரிடம் சொல்லிவிட்டு, ஜசிந்தா உப்பெடுக்கப் போனாள்.