மூன்றாவது அழைப்பு

சீஸை மேலே வைத்துத் தின்கிற ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் மினியாபொலிஸில் அதை இறைச்சிக்குள் ஒளித்து வைத்தால்தான் பர்கர். ஜூசி லூசி என்று அதற்குப் பேர். இரண்டு மெல்லிய வட்டம் தட்டி, நடுவில் சீஸை மடித்து வைத்து, ஓரத்தைச் சுற்றிக் கிள்ளி மூட வேண்டும். மயிரிழை விரிசல் விட்டாலும் போச்சு, உள்ளே இருப்பது அத்தனையும் நெருப்புக்குத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்பது பர்கருக்குக் கிள்ளிக்கொண்டிருந்தேன். விரல் வலித்தது. விரல் என்ன, உடம்பில் வலிக்காத இடத்தைத் தேடத்தான் வேண்டும்.

என் கணவர் ஆர்லனுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை தேறினால் அதிகம். குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, தூக்கி உட்கார வைப்பது, ராத்திரி மூன்று தடவை எழுந்து திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். அவர் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் முழுசாக ஒரு ராத்திரி தூங்கி எத்தனை நாளாச்சு என்று யாராவது கேட்டால் அழுதுவிடுவேன். யாரும் கேட்கவில்லை.

அவருடைய தம்பி வெர்லினும் அவன் மனைவி ஜனெலும் வடக்கே ஏரிக்கரையில் இருக்கிறார்கள். இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வீட்டில் படிக்கட்டு கிடையாது, வெர்லினுக்கோ யானை பலம். இரண்டு வாரம் ஆர்லனை அவர்கள் வைத்துக்கொண்டால் நான் கட்டையைப் போல் கிடந்து தூங்குவேன். அன்றைக்கு அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டதே அதற்காகத்தான். ஆனால் வாய்விட்டுக் கேட்க முடியாதே! எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்கிறவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவர்களாக அழைக்க வேண்டும், நான் வேண்டாம் என்க வேண்டும். மறுபடி அழைக்க வேண்டும், மறுபடியும் நான் வேண்டாம் என்க வேண்டும். மூன்றாம் தடவை அழைத்தால், "உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா..." என்று இழுத்துக்கொண்டே ஒத்துக்கொள்ளலாம். ஒரு கோப்பை காப்பிக்கும் இதே வழக்கம், கட்டின கணவனுக்கும் இதே வழக்கம்.

ஜனெல் வந்ததும் வராததுமாக என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன மார்லிஸ், இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்ட? ஆர்லனைக் கொஞ்ச நாள் எங்ககிட்ட விடேன். ஏரிக் காத்து அவருக்கும் நல்லது."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம். நாங்க நல்லாத்தானே இருக்கோம்," என்றேன். ஒன்று முடிந்தது.

வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் கிரில் அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. முன்பெல்லாம் அது ஆர்லனின் ராஜ்ஜியம். என்னைக் கரண்டியைத் தொடவே விட மாட்டார். இப்போது கரண்டி வெர்லின் கையில். ஆர்லன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தம்பியை முறைத்துக்கொண்டிருந்தார்.

"அழுத்தாதே," என்றார். அன்றைய பத்து வார்த்தையில் ஒன்று காலி.

"எவன் அழுத்துறான்? அண்ணே, நானும் இந்த ஊர்ல பொறந்தவன்தான். அடுப்பை எனக்கு விட்டுட்டு நீ பீரைக் குடி."

பர்கர்களைத் திருப்பிப் போட்டுவிட்டு வெர்லின் என் பக்கம் திரும்பினான். "அண்ணி, ஜனெல் சும்மா பேச்சுக்குச் சொல்லல. ரெண்டு வாரம் அண்ணனை அனுப்பி வைங்க. படகுல உக்கார வெச்சு மீன் பிடிக்கிறோம்."

"உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்? வேண்டாம் வெர்லின்."

இரண்டும் முடிந்தது. இன்னும் ஒன்றே ஒன்று. வெர்லின் மறுபடி வாயைத் திறந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், மூன்றாவது அழைப்பு அவன் நாக்கு நுனியில் இருந்தது. அந்த மும்முரத்தில் கை தன்பாட்டுக்கு ஒரு பர்கரை அழுத்தித் தொலைத்தது. சீஸ் பீச்சிக்கொண்டு கரியில் கொட்ட, நெருப்பு முழ உயரத்துக்கு எழும்பியது.

"அழுத்தாதேன்னு அந்த மனுஷன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!" என்று ஜனெல் கத்தினாள். "உன் மண்டைக்குள்ள என்னதான் இருக்கு?"

"அது தானா வெடிச்சதுடி! ஓரம் சரியா ஒட்டல!"

"அப்போ மார்லிஸ் மேல பழி போடறியா?"

"நான் எங்க அண்ணியைச் சொன்னேன்?"

நெருப்பு அடங்கியபோது பேச்சு வேறு எங்கோ போய்விட்டிருந்தது. சீஸ் ஆறட்டும் என்று ஐந்து நிமிடம் பொறுத்துவிட்டுச் சாப்பிட்டோம். கொசுவைப் பற்றிப் பேசினார்கள், சாலை வேலையைப் பற்றிப் பேசினார்கள், அடுத்த வீட்டுக்காரனின் புதுப் படகைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். தட்டில் கடைசியாக ஒரு பர்கர் மிஞ்சியது. அதை முழுசாக எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. வெர்லின் பாதியை வெட்டினான், ஜனெல் அதில் பாதியை வெட்டினாள். நான் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை.

"சரி, அப்போ..." என்று வெர்லின் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். எங்களிடம் விடைபெறுவது சீக்கிரத்தில் முடிகிற காரியமில்லை. மேஜையருகே நின்று ஒரு தடவை, கதவருகே ஒரு தடவை, காருக்கு வெளியே ஒரு தடவை. ஒவ்வொரு இடத்திலும் இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று காத்திருந்தேன். கேட்டுவிடடி மூதேவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். கடைசியில் ஜனெல் காருக்குள் ஏறி, கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஊறுகாய் எப்படிப் போட்டாய் என்று கேட்டாள். சொன்னேன். வெர்லின் காரைக் கிளப்பினான்.

ஆர்லன் என் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். அவருடைய இடது கை நீண்டு கார் ஜன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டது.

"கூட்டிட்டுப் போ," என்றார்.

வெர்லின் எஞ்சினை நிறுத்தினான்.

"அவ... களைச்சுட்டா."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல, அவர் சும்மா..." என்று என் பாழாய்ப்போன வாய் ஆரம்பித்துவிட்டது.

"மார்லிஸ்," என்றார் ஆர்லன். "பொய் சொல்லாதே."

ஜனெல் காரிலிருந்து இறங்கி என் தோளைத் தொட்டாள். அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ரெண்டு வாரம்," என்றேன். "ரெண்டே ரெண்டு வாரம் வெச்சுக்கோங்க. என்னால முடியல."

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம்?" என்றான் வெர்லின். "நீங்கதான் ரெண்டு தடவை வேண்டாம்னீங்க. கட்டாயப்படுத்தினா கோவிச்சுக்குவீங்களோன்னு விட்டுட்டேன் அண்ணி."

நான் ஆர்லன் முன்னால் மண்டியிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "உன்னை வெரட்டுறேன்னு நெனைக்காதே. கோபமா என் மேல?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். சொல்வதற்கு ஏதோ இருந்தது. வார்த்தையைத் தேடிப் பிடிக்க வெகு நேரமாயிற்று. நான் பொறுத்திருந்தேன்.

"எனக்கும்," என்றார், "லீவு வேணும்."

மூன்று வருடமாக விடிந்தால் என் முகம், அடைந்தால் என் முகம். அவருக்கும் அலுத்திருக்கும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.