எலிசேயோவின் வாள் ஏழு

ரோகேயின் முகம் புருவத்தை உயர்த்தியபடி உறைந்து நின்றது. அவர் வீட்டில் அல்ல, மற்ற மூன்று பேரின் கணினித் திரையில். அவர் வீட்டில் அந்தப் புருவம் எப்போதோ இறங்கிவிட்டது. கையிலிருந்த பிஸ்கட்கூடப் பாதி தீர்ந்துவிட்டது.

“யோவ் குண்டா,” என்று பெர்காமினோ ஊரின் மறுகோடியிலிருந்து மருந்துக்கடை டார்டோவின் குரல் வந்தது. “வாள் ஆஸ் உங்கிட்டதான் இருக்கு, ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. புருவத்தை எறக்குய்யா, சுளுக்கிக்கப் போகுது.”

டார்டோவின் மைத்துனனும் ஆட்டத்தில் கூட்டாளியுமான பாச்சோ மேசையைத் தட்டிச் சிரித்தார்.

ட்ரூகோ என்னும் சீட்டாட்டத்தில் கையிலிருக்கும் சீட்டைக் கூட்டாளிக்கு முகத்தால் சொல்லலாம். வாயால் சொன்னால் திருட்டு. புருவம் தூக்கினால் எல்லாவற்றிலும் பெரிய சீட்டான வாள் ஆஸ். கண்ணடித்தால் தடி ஆஸ். வாயை வலப்பக்கம் கோணினால் வாள் ஏழு, இடப்பக்கம் கோணினால் பொன் ஏழு. எதிராளி தன் சீட்டைக் குனிந்து பார்க்கும் நேரத்தில் காட்டி மறைத்துவிட வேண்டும். மாட்டினால் மானம் போகும். ரோகேயின் மானம் வியாழக்கிழமைதோறும் போய்க்கொண்டிருந்தது.

எலிசேயோவின் சைக்கிள் கடைப் பின்கட்டில் நால்வரும் நரை விழும்வரை ஆடிய ஆட்டம் இது. போன வருஷம் எலிசேயோவை மகள் தெற்கே நெயுகெனுக்கு அழைத்துப்போய்விட்டாள். அதிலிருந்து ஆட்டம் கணினிக்குக் குடிபெயர்ந்தது. சீட்டை ஓர் இணையதளம் அவரவர் கைபேசியில் பிரித்துக் கொடுக்கும். முகங்கள் நான்கும் திரையின் நான்கு மூலைகளில் இருக்கும். ரோகேயின் திரையில் மட்டும் அவை முகங்களாக இல்லாமல், மழையில் நனைந்த தபால்தலைகளாகத் தெரிந்தன.

அன்றைக்கும் தோற்றார்கள். கடைசிச் சுற்றில் கூட்டாளி எலிசேயோ வாள் ஏழைப் போட்டபோதுதான் அது அவரிடம் இருந்ததே ரோகேவுக்குத் தெரிந்தது.

“டேய் ஒல்லி, ஏழு வெச்சிருந்தியா? காட்டித் தொலையவேண்டியதுதானே?”

“காட்டினேன்டா. உன் லைன் முழுங்கிடுச்சு.”

“எல்லாம் இந்த ஃபயர்வால் பண்ற வேலை. அடுத்த வாரத்துக்குள்ள சரி பண்ணிடறேன்.”

“ஐயோ, அதுல கை வைக்காதய்யா,” என்று டார்டோ அவசரமாகக் குறுக்கிட்டார். “பாதுகாப்பு முக்கியம். அப்படியே இருக்கட்டும்.”

ஜெயிக்கிற கட்சிக்குப் பேசச் சொல்லியா கொடுக்க வேண்டும் என்று ரோகே பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் அடுத்து எலிசேயோ சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது.

“வேணாம்டா குண்டா. மெனக்கெடாத. எனக்கும் உக்கார முடியல. வேற கூட்டாளி பாத்துக்கோ.”

சொல்லிவிட்டுத் திரையிலிருந்து போய்விட்டார்.

*

ரோகே பூட்டுக்காரர். ஓய்வு பெற்றும் தொழில் போகவில்லை. அவர் வீட்டு வாசலில் மூன்று பூட்டுகள் இருந்தன. அவரே சாவியை மறந்து, தன் வீட்டையே இரண்டு முறை உடைத்து நுழைந்திருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் முழுப் பன்றித்தொடை பரிசு விழுந்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. அமுக்கினார். தொடை வரவில்லை. மாறாக, அவர் பெயரில் ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் மெலிவதற்கான மாத்திரை விளம்பரம் போயிற்று. ரோகேயின் எடை அப்போது நூற்றுப் பதினெட்டுக் கிலோ. பாதிரியார் பதில்கூடப் போட்டிருந்தார்: “முதலில் நீர் சாப்பிட்டுப் பாரும்.”

அன்றைக்கே ஒரு ஃபயர்வாலை வாங்கி ஏற்றினார். மறுநாள் யாரோ வேறொன்று நல்லது என்று சொல்ல, முதலாவதன்மேல் அதையும் ஏற்றினார். இரண்டையும் உச்சக் காவலில் வைத்தார். உள்ளே வரும் ஒவ்வொரு துணுக்கையும் ஒன்று பிரித்துப் பார்த்து, மடித்து, மற்றதிடம் கொடுக்கும். மற்றது மறுபடி பிரிக்கும். எலிசேயோவின் முகம் இந்த இரண்டு சோதனைச் சாவடிகளையும் தாண்டி வருவதற்குள் ஆறிப்போய்விடும்.

“ரெண்டு காவல்காரன், ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் திருடன்னு நெனக்கிறான்,” என்றாள் மனைவி சுல்மா, மாத்தே என்னும் மூலிகைத் தேநீருக்கு வெந்நீர் ஊற்றியபடி. “ஒண்ணைத் தூக்கு, கிழவா.”

“தூக்கிட்டா அப்புறம் எவன் வேணா வருவான்.”

“இப்ப யாருமே வர்றதில்லையே. எலிசேயோவும் போயாச்சு.”

ரோகே மாத்தேயை உறிஞ்சினார். சுட்டது.

புதன்கிழமை காலை உட்கார்ந்து இரண்டாவது ஃபயர்வாலை முழுசாகக் கழற்றினார். உச்சக் காவலை நடுத்தரத்துக்கு இறக்கினார். மிச்சமிருந்த சுவர் ஒரு சிறு பெட்டியைத் திறந்து, வீடியோ பேசும் செயலியை உள்ளே விடலாமா என்று கேட்டது. இந்த ஒரு முறை மட்டுமா, எப்போதுமா? இதற்குமுன் ஒவ்வொரு வியாழனும் ‘இந்த ஒரு முறை’ என்றே அமுக்கியிருக்கிறார். இன்றைக்கு ‘எப்போதும்’ என்பதை அமுக்கினார். உள்ளாடையோடு நகர மைதானத்தில் நிற்பதுபோல் இருந்தது.

பிறகு எலிசேயோவுக்குத் தொலைபேசினார். “ஒரே ஒரு ஆட்டம்டா. தோத்தா நானே உன்னை விட்டுடறேன்.” மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “சரி வர்றேன். ஒரே ஒரு ஆட்டம்.”

*

வியாழக்கிழமை சாயங்காலம் திரையைத் திறந்தவர் அசந்துபோனார். டார்டோவின் மூக்குமுடிவரை தெரிந்தது. எலிசேயோவின் சமையலறையில் மின்விசிறி சுழன்றது. ஜன்னல் திரை படபடத்தது. பூனை ஒன்று மேசைக்குக் கீழிருந்து புறப்பட்டுக் கதவுவரை தடையில்லாமல் நடந்து போயிற்று. பூனையின் வால்நுனி அசைந்ததைக்கூட ரோகே பார்த்தார்.

எலிசேயோ கழுத்துக் குட்டையைத் தாடைவரை சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார்.

சீட்டு விழுந்தது. டார்டோ குனிந்தார், பாச்சோ குனிந்தார். ரோகே கூட்டாளியை உற்றுப் பார்த்தார். எலிசேயோ நேராகத் திரும்பினார். இடது கடைவாய் துடித்தது. வலது கடைவாய் அசையவில்லை. மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. இடது கண் இமைத்தது, வலது கண் இமைக்கவில்லை. எலிசேயோ மாத்தே குழலை இடப்பக்க வாயில் செருகி உறிஞ்சினார். வலப்பக்கம் சொட்டியதைக் குட்டையால் ஒற்றினார்.

ரோகே வாயருகே கொண்டுபோன பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

சுற்று முடிவில் எலிசேயோ வாள் ஏழைப் போட்டார். “காட்டினேன்டா,” என்றார் மெதுவாக. “உன் லைன்…”

டார்டோவும் பாச்சோவும் தங்கள் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் திரையில் எலிசேயோ எப்போதுமே தெளிவாகத்தான் தெரிந்திருப்பார். ‘அதுல கை வைக்காதய்யா.’ டார்டோ யாருக்குப் பாதுகாப்புக் கேட்டார் என்பது இப்போதுதான் ரோகேவுக்கு உறைத்தது.

“ஆமாடா!” என்று அவர் கத்தினார். “பாழாப்போன லைன்! எல்லாம் நின்னுபோச்சு! எனக்கு யாருமே…”

அதோடு வாயைப் பாதி திறந்து, ஒரு கையைத் தூக்கியபடி அப்படியே உறைந்தார். லைன் செத்துவிட்டதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்று நினைத்தார். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார்.

அப்போது அவருக்குப் பின்னால் சுல்மா வெந்நீர்க் கெட்டிலோடு நடந்து போனாள். போனவள் நின்று, கையைத் தூக்கி நிற்கும் கணவனைப் பார்த்து, “என்ன கிழவா, புடிச்சுக்கிச்சா?” என்றாள்.

திரையில் மூன்று முகங்களும் அவரையே பார்த்தன. ரோகே அசையவில்லை. நூற்றுப் பதினெட்டுக் கிலோ மூச்சுப் பிடித்தால் முகம் பீட்ரூட் ஆகும். ஆயிற்று.

“பாவம்,” என்றார் டார்டோ தொண்டையைச் செருமி. “லைன் ரொம்ப மோசம்.”

“ஆமா ஆமா,” என்றார் பாச்சோ. “சுல்மா நடக்கறா, ஆள் மட்டும் நிக்குது. இப்படியும் ஒரு கோளாறு உண்டு. நான் கேள்விப்பட்டிருக்கேன்.”

எலிசேயோவின் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்றிருந்தது. பிறகு சத்தம் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தார், பாதி வாயால்.

“மூச்சு விடுடா குண்டா, செத்துகித்துப் போகாத.”

ரோகே மூச்சு விட்டார். குப்பென்று காற்று வந்ததில் பிஸ்கட் தூள் விசைப்பலகைமேல் பறந்தது.

எலிசேயோ குட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். “ஒரு நாள் காலைல கண்ணாடி பாத்தேன். பாதி மூஞ்சி வேலைக்கு வரல. மெதுவாத் திரும்பும்னு டாக்டர் சொல்றார். திரும்பாமலும் இருக்கலாமாம்.”

“சொல்லியிருக்கலாமேடா.”

“என்னன்னு சொல்ல? உனக்கு வேண்டியது ட்ரூகோ கூட்டாளி. அதுக்கு முழு மூஞ்சி வேணும். உன் லைன் கெட்டுக் கெடக்கறவரைக்கும் நான் பொழச்சேன். நீ சரி பண்றேன்னதும் பயந்துட்டேன்.”

ரோகேவுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்: “பொன் ஏழு காட்ட முடியும்ல?”

எலிசேயோ இடது கடைவாயைக் கோணிக் காட்டினார். அற்புதமான பொன் ஏழு.

“அப்ப பாதிப் பிரச்சனை தீர்ந்தது,” என்றார் ரோகே.

டார்டோ கடையில் மருந்துச்சீட்டைப் படிக்கும் குரலில் அறிவித்தார்: “இனிமே வாள் ஏழுக்கு வலது காதை இழுக்கறது. நாலு பேருக்கும். உங்களுக்கு மட்டும் தனியா ரகசியம் கெடையாது.”

“இது நல்லா இருக்கே,” என்று பாச்சோ ஆட்சேபித்தார். “எனக்கு அந்தக் காதுலதான் மெஷின் இருக்கு.”

“கழட்டி வை. எப்படியும் நீ யார் சொல்றதையும் கேக்கறதில்ல.”

அடுத்த சீட்டு விழுந்தது. ரோகேயின் கையில் உருப்படியாக ஒன்றுமில்லை. டார்டோ குனிவதுபோல் குனிந்து ஓரக்கண்ணால் எலிசேயோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலிசேயோ மெல்ல வலது காதை இழுத்தார். ரோகே பார்த்தார். டார்டோவும் பார்த்தார்.

“ட்ரூகோ!” என்று ரோகே பந்தயத்தை ஏற்றி முழங்கினார்.

டார்டோ யோசித்தார், பாச்சோவைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். “வேணாம். பாயிண்ட நீங்களே எடுத்துக்குங்க.”

எலிசேயோ தன் சீட்டுகளைத் திருப்பினார். கோப்பை நாலு. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குப்பை.

“அட அயோக்கியா!” என்று டார்டோ எழுந்தே விட்டார். “காதை இழுத்தியே!”

“அரிச்சுது,” என்றார் எலிசேயோ, அசையாத பாதி முகத்தை அவர்பக்கம் திருப்பி.