மூன்றாம் பாட்டில் ஓர் ஓட்டை

1

இந்தக் கதை என்னுடையதல்ல, மாக்சின் சொன்னது. ஷெஃபீல்டில் என் பக்கத்து வீட்டுக்காரி, அறுபத்தைந்து வயது, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். இருபது வருஷம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேசியும், அவள் ஒரு காலத்தில் 'பப்ளிக் பாத்ஸ்' என்ற பேண்டில் டிரம்ஸ் வாசித்தவள் என்பது எனக்குத் தெரியாது. பங்க் ராக் இசை அலை ஓய்ந்த கையோடு இந்த ஊரில் கிளம்பிய பேண்டுகளில் அதுவும் ஒன்று. போன மாதம் என் மேசையில் ஒரு பெட்டியை வைத்தாள். முதல் மூன்று ஆல்பங்களின் மறுவெளியீடு, தடித்த புத்தகம், போஸ்டர். கண்ணாடித்தாள்கூடக் கிழிக்கவில்லை.

"எழுதிக்கோ. என்னைய ஒல்லியா காட்டு, அது போதும்."

(காட்டவில்லை.)

2

முதல் தொடக்கம்: 1981, வெளியே மழை, உள்ளே ஒரு ஸ்டூடியோ—

வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே மழை முந்திக்கொள்கிறது.

இரண்டாம் தொடக்கம்: மாக்சினின் கையிலிருந்து குச்சி நழுவியது.

இது உண்மை. முதல் ஆல்பம், மூன்றாம் பாட்டு. தாளத்தில் இரண்டு தட்டுகள் விழாமல் ஓர் ஓட்டை. ஸ்டூடியோ நேரம் முடிந்துவிட்டதால் அப்படியே வெளியிட்டார்கள். பாஸ் கிட்டார் வாசித்த ட்ரெவர் ஒரு பேட்டியில், "அந்த ஓட்டையா? எங்க டிரம்மர் டீ குடிக்கப் போயிட்டா" என்றான். ஊரே சிரித்தது. மாக்சின் பேண்டை விட்டாள், அவனோடு பேச்சையும் விட்டாள். நாற்பது வருஷம் கழித்து மறுவெளியீட்டுக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தவர்களிடம் ஒரே நிபந்தனை போட்டாள்: அந்த ஓட்டையை அடைக்க வேண்டும்.

3

அடைக்க வந்தவன் ஏட்ரியன், பழைய ஒலிநாடாக்களைச் சீர்செய்கிறவன். (இவன்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். கதைக்கு ரொம்ப வசதியாக வந்து நிற்கிறான்.)

"அடைக்கிறது ஒரு நிமிஷ வேலை, மாக்சின். அதுக்கு முன்னால ட்ரெவர் வாசிச்சத மட்டும் தனியா கேட்டுருங்க."

"அந்த மூஞ்சி வாசிச்சத நான் எதுக்குக் கேக்கணும்?"

"கேளுங்களேன்."

குச்சி நழுவியதும் மற்றவர்கள் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டதாகத்தான் அவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். போகவில்லை. ட்ரெவரின் பாஸ் கிட்டாரும் அவளோடு வாசிப்பை நிறுத்தியிருந்தது. ரெக்கார்டில் அது தொடர்வதுபோலக் கேட்டதெல்லாம் அதன் எதிரொலி. அது தேய்கிற இடத்தில், பலகைத் தரைமேல் ஒரு ஷூ. டக். டக். மறுநொடி டிரம்ஸும் பாஸும் ஒன்றாக உள்ளே வருகின்றன.

அவள் தவறவிட்ட இரண்டு தட்டுகளையும் ட்ரெவர் காலால் தட்டிக் காத்திருக்கிறான். இருபத்திரண்டு வயதில். அடுத்த மாதமே கேலி பேசப்போகிற அதே ஆள், அவள் திரும்பிவர இடம் பிடித்து வைத்திருக்கிறான். எனக்கு இதை எழுதக் கை ஓடவில்லை.

"இன்னொரு தடவ போடு" என்றாள் மாக்சின். ஒன்பது தடவை போட்டான்.

"அடைச்சா அந்தக் கால் சத்தம்?"

"போயிரும். நாளைக்குக் காலைல ரெக்கார்ட் அடிக்க அனுப்பணும்."

4

முடிவு அ: மாக்சின் ட்ரெவருக்குப் போன் செய்கிறாள். அவன், "எந்தப் பாட்டு?" என்கிறான். (அநியாயம். ஆனால் நடக்கக்கூடியது.)

முடிவு ஆ: அடைக்கச் சொல்லிவிடுகிறாள். நாற்பது வருஷ வெட்கம் தீர்ந்து நிம்மதியாக வீட்டுக்கு—

முடியவில்லை.

என்னதான் சொன்னாய் என்று அவளிடமே கேட்டேன்.

"பெட்டிக்குள்ள இருக்கு. பிரிச்சுக் கேட்டுக்கோ."

பிரிக்கவில்லை. அந்தக் கால் உள்ளே இல்லாமல் போயிருந்தால் என்னால் தாங்க முடியாது. பெட்டி இதோ, உங்கள் பக்கம் தள்ளி வைக்கிறேன். கையைப் பேனாவிலிருந்து எடுத்துவிட்டேன். காலால் மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் உள்ளே வருவதற்காக.