நபிஜானின் தூங்கும் யானை

நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாக, ஒரே இடத்தில், ஒரே மாதிரி நபிஜானின் மந்திரி செத்தது. உஸ்பெகிஸ்தானின் மர்கிலான் ஊர்ச் சதுரங்கப் பலகையில் ராணி கிடையாது. ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பது மந்திரி, குறுக்கே ஓடுவது யானை. கொன்றவர் சகலை ஹம்ரோகுல், ஏழு வயது இளையவர்.

"அடுத்த ஞாயிறும் தோத்தா, டீக்கடைல எல்லார் முன்னாடியும் என்னை 'அண்ணே'ன்னு கூப்பிடணும் சகலை. இப்பவே சொல்லிப் பழகுங்க."

"மண்டைல வழிக்க ஒண்ணுமில்லங்கிற தைரியம்டா உனக்கு!" என்றார் நபிஜான். அவர் முடிதிருத்துபவர், சகலை வழுக்கை.

சனிக்கிழமை, கடையில் ஆளில்லை. பலகையை விரித்தார். அவர் ஆடுவது கறுப்பு; திட்டத்தில் குறையே தெரியவில்லை. வெள்ளைச் சிப்பாய்கள் இரண்டு, ஒன்றை ஒன்று தாங்கிக் குறுக்காக நின்று கறுப்பின் கழுத்தை நெரிக்கின்றன. முன்னவனை முட்டிப் பயனில்லை. தாங்கும் பின்னவனை அடித்தால் இருவரும் சரிவார்கள். அதனால்தான் கறுப்பு முதலில் பக்கத்துச் சிப்பாயை ஏவுகிறது; பிறகு குதிரையும் மந்திரியும் பின்னவனையே முறைக்கின்றன. சிப்பாய்கள் வெட்டிக்கொண்டாலும் அங்கே வெள்ளைக்கு ஒருவன் மிஞ்சுவான். அவனுக்குக் காவல் ஒரே குதிரை. கறுப்புக் குதிரை வெட்ட, வெள்ளைக் குதிரை திருப்பி வெட்ட, கறுப்பு மந்திரி வந்து வழித்துத் தின்னலாம். கணக்கு சரி. மந்திரி மட்டும் சாகிறது.

மனைவி முகத்தஸ் சாப்பாட்டோடு வந்தாள். "என் தங்கச்சி புருசனை அண்ணேன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

"போடி! தேய்றது வாயில்ல, மானம்."

வெட்டி முடித்ததும் பின்மண்டையைக் காட்டும் கைக்கண்ணாடி பக்கத்தில் கிடந்தது. எரிச்சலில் அதை எடுத்துப் பலகைக்கு எதிரே பிடித்தார். ஹம்ரோகுல் பார்க்கிற பக்கம் தெரிந்தது. வெள்ளை மந்திரிக்கு முன்னால் வெள்ளை யானை, திரைச்சீலை மாதிரி. அது பாய்ந்து கறுப்பு ராஜாவுக்குச் செக் வைக்கிறது, திரை விலகுகிறது, பின்னாலிருந்த வெள்ளை மந்திரி கறுப்பு மந்திரியை விழுங்குகிறது. நபிஜானின் சொந்த யானையோ ஆட்டம் தொடங்கிய கட்டத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு, டீக்கடை. அதே நிலை. நபிஜான் சிப்பாயைத் தொடவில்லை. யானையை ஒரே கட்டம் நகர்த்தி, ராஜாவுக்குக் குறுக்கே நிறுத்தினார்.

ஹம்ரோகுலின் தேநீர்க் கிண்ணம் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "ஏண்ணே, திங்கலையா?"

டீக்கடையே சிரித்தது. ஹம்ரோகுல் வாயைப் பொத்தியும் பயனில்லை; 'அண்ணே' வெளியே வந்துவிட்டது.

"திங்கறேன் தம்பி, அவசரமென்ன? முதல்ல யானையைக் குறுக்க நிறுத்தினா செக் இல்ல. செக் இல்லன்னா, அப்புறம் சிப்பாயைத் தின்னாலும் மந்திரி சாகாது."