பெரிய டாக்டரின் அப்பழுக்கற்ற மூளை

மூளையைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று பெரிய டாக்டரே பலமுறை சொல்லியிருக்கிறார். அண்மையில் அவர் கண்டுபிடித்தது ரீங்கார சிகிச்சை. வலிப்பு நோயாளி தினமும் கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு வண்டு மாதிரி ‘ம்ம்ம்’ என்று முனக வேண்டும். மூளை அலைகள் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். ஆதாரம்? அவரிடம் வலிப்புக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளும் தையல்காரம்மாவின் மண்டை.

ஆறு மாதத்துக்கு முன் அந்த அம்மாவின் மூளை அலையைப் பதிவு செய்தபோது கோடுகளுக்கு நடுவே ஊசி ஊசியாக முனைகள் கிளம்பின. இப்போது முனைகளைக் காணோம். பதிலுக்கு நெற்றிப் பக்கம் பொடிப்பொடியாக, வேகவேகமாகப் புது அலைகள். “பாத்தீங்களா, ரீங்காரத்தோட கையெழுத்து!” என்று திரையைத் தட்டினார் பெரிய டாக்டர்.

அந்தப் பதிவை எடுத்தவள் கோந்துக்கா. நோயாளியின் தலையில் பசை வைத்து ஒயர் ஒட்டுகிறவளுக்கு அதற்கு மேல் எதற்குப் பெயர் என்று ஆஸ்பத்திரியே முடிவு செய்திருந்தது. பதினெட்டு வருடமாக அலைகளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அந்தப் பொடி அலை பழைய பழக்கம். தையல்காரம்மா போடும் வலிப்பு மாத்திரையின் கால்தடம் அது. அந்த வகை மாத்திரை கெட்ட முனைகளை அமுக்கும். போகிற போக்கில் நல்ல அலைகளுக்கு நடுவே இந்தப் பொடியையும் தூவிவிட்டுப் போகும். முனகினாலும் தூவும், முனகாவிட்டாலும் தூவும்.

சொல்லியும் பார்த்தாள்.

“நீ ஒயரை ஒட்டும்மா. மூளையை நான் பாத்துக்கறேன்.”

அதோடு போயிருந்தால் சரி. நிர்வாகக் குழுவின் முன்னால் சிகிச்சையை அரங்கேற்றப்போவதாகவும், அன்றைக்கே தையல்காரம்மாவின் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தப்போவதாகவும் அறிவித்துவிட்டார். சட்டென்று நிறுத்தினால் அடக்கி வைத்த வலிப்பெல்லாம் மொத்தமாகக் கிளம்பும் என்று கோந்துக்காவுக்குத் தெரியும். சம்பந்தப்பட்டவளோ சந்தோஷத்தில் இருந்தாள்.

“நல்லதுதானேக்கா? மாத்திரை போட்டா தூக்கமா வருது. நேத்து ஒரு சட்டைக்கு மூணு கை வெச்சிட்டேன்.”

“மூணாவது கையைப் பிரிச்சுக்கலாம்டி. வலிப்பு வந்து விரல் மெஷினுக்குள்ள போனா எதைப் பிரிப்பே?”

அரங்கேற்றத்தன்று காலையில் கோந்துக்கா பணிவே உருவாகப் போய் நின்றாள்.

“ரீங்காரம் செய்யாத தலை ஒண்ணையும் பக்கத்துல காட்டினா எடுப்பா இருக்கும் சார். நல்ல மூளையா வேணும். உங்களோடதை விட்டா இந்தக் கட்டடத்துல வேற எது இருக்கு?”

பெரிய டாக்டர் யோசித்தார். உண்மையை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை.

கூட்டம் என்றால் அவருக்குக் கை உதறும். அதனால் ஒரு மணி நேரம் முன்பே ‘விட்டமின்’ என்று சொல்லி அரை மாத்திரை போட்டுக்கொள்வார். அந்த விட்டமின், தையல்காரம்மாவின் மாத்திரைக்குச் சித்தப்பா முறை. மருந்தறைக்காரர் இதைக் கோந்துக்காவிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார். மற்றவர்களிடமும் ரகசியமாகத்தான் சொல்லியிருந்தார்.

குழு வந்து உட்கார்ந்தது. தலைவி, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். தையல்காரம்மாவை ஓரமாக உட்காரவைத்து, அவளுடைய பதிவைத் திரையில் காட்டி, பெரிய டாக்டர் ரீங்காரத்தை விளக்கி முடித்தார். கோந்துக்கா டேப்பால் பெரிய டாக்டரின் மண்டையை அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, இருபத்தொரு ஒயரையும் ஒட்டினாள். “கண்ணை மூடிக்கோங்க சார்.” மூடிக்கொண்டார். திரையில் அவருடைய அலைகள் ஓடின. நெற்றிப் பக்கம் தையல்காரம்மாவைவிட இரண்டு மடங்கு பொடி.

“டாக்டர், இந்த அலை முனகினாத்தான் வரும்னீங்க?” என்றார் டீச்சர்.

“முனகினா மட்டும்தான் மேடம்,” என்றார் அவர், மூடிய கண்களோடு.

“நீங்க முனகறதுண்டா?”

“எனக்கெதுக்கு மேடம்? நம்மளுது பிறவியிலேயே பதமான மூளை.”

“அப்ப இங்க குவிஞ்சு கிடக்குறது எங்கேருந்து வந்துது?”

பெரிய டாக்டர் கண்ணைத் திறந்தார். திறந்திருக்க வேண்டாம்.

“பதிவுத் தாள்ல ஒரு கட்டம் காலியா இருக்கு சார்,” என்றாள் கோந்துக்கா, பேனாவோடு. “இன்னிக்கு என்ன மாத்திரை போட்டீங்க?”

“விட்டமின்.”

“எந்த விட்டமின்னு எழுதட்டும்?”

எழுந்து போகலாமென்றால் இருபத்தொரு ஒயரும் அவரை இயந்திரத்தோடு கட்டிப் போட்டிருந்தன. “அரை... அது பதட்டத்துக்கு,” என்றார்.

“அப்ப இந்தம்மாவோட அலையும் மாத்திரையாலதானா?” டீச்சர் விடுவதாயில்லை. “அதை நிறுத்தினா என்ன ஆகும்?”

“நிறுத்தறது... இப்ப ஒண்ணும் அவசரமில்ல மேடம்.”

கோந்துக்கா தையல்காரம்மாவின் ஃபைலை அவர் மடியில் விரித்தாள். ‘மாத்திரை தொடரட்டும்’ என்று எழுதினார். எழுதிய பிறகும் ஃபைல் மடியிலிருந்து நகரவில்லை.

“தூக்கமா வருது டாக்டர்,” என்றாள் தையல்காரம்மா, கிடைத்த சந்தர்ப்பத்தில்.

பெரிய டாக்டர் ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“எத்தனை மணிக்குப் போடுறேம்மா?”

“காலைல எட்டுக்கு. மெஷின்ல உக்கார்றப்ப.”

“படுக்கப் போறப்ப போடு,” என்று சொல்லி, அதையும் எழுதி, கையெழுத்திட்டார்.