ஆளுக்கு ஒரு அறை

சந்திரமௌலி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். மாதுங்காவில், தன் அண்ணன் வீட்டுக் கூடத்தில், ஒன்பது பேருக்கு நடுவே உட்கார்ந்து மனைவி வாலாம்பாளிடம் அவன் சொன்னது அத்தனையும் சத்தியம்.

"குழாயைத் திறந்தா ராப்பகலா தண்ணி. சுவரெல்லாம் கண்ணாடி. எலெக்ட்ரிக் லைட்டு. ஆளுக்கு ஒரு அறையாக்கும்."

ஆள் என்றால் மீன் என்பதை மட்டும் விட்டுவிட்டான். டிராம்பேயிலிருந்து படகில் போகிற தூரத்தில், ஒரு பாறைத் திட்டின் மேல் இருந்தது அந்தக் கடல் ஆராய்ச்சி நிலையம். அவன் அங்கே குமாஸ்தா. மீன்களுக்கு ஓட்டுக் கட்டடம், பம்பு, விளக்கு. மனிதர்களுக்குத் தகரக் கொட்டகை, படகில் வருகிற ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர், கடலுக்கு மேல் பலகை போட்ட கக்கூஸ். அலை ஏறுகிற வேளையில் அந்தப் பக்கம் போனவன் குளித்துவிட்டுத்தான் திரும்புவான். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டான். தான் வைத்த ரசத்தைத் தானே குடித்துக்கொண்டு, பேச்சுத் துணையில்லாமல் கிடப்பதுதான் தாளவில்லை. வாலாம்பாள் வந்தே ஆகவேண்டும்.

அவளோ கறாராகச் சொல்லிவிட்டாள். "வந்து பார்ப்பேன். பிடிக்கலேன்னா அதே படகுல திரும்பிடுவேன். அப்பறம் என்னைக் கூப்பிடப்படாது."

வந்தாள். பம்புக்காரர் கோமதிநாயகம் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். தாராவியிலிருந்து வேலைக்கு வந்திருந்த திருநெல்வேலிக்காரர்.

முதலில் குழாய். கையில் ஏந்திக் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு."

"தண்ணின்னுதான் சொன்னேன். நல்ல தண்ணின்னு சொல்லலையே" என்றான் சந்திரமௌலி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"கண்ணாடிச் சுவர் எங்கே?"

வேறு வழியில்லாமல் மீன் கட்டடத்துக்குக் கூட்டிப்போனான். வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மீன், அதன் தலைக்கு மேல் ஒரு விளக்கு. கொழுத்த களவா மீன் ஒன்று கண்ணாடியோரம் வந்து, குடித்தனக்காரர்களைப் பார்க்கிற வீட்டுக்காரர் மாதிரி இருவரையும் பார்த்தது.

வாலாம்பாளோ கடைத்தெருவில் மீன்காரியின் கூடை உரசினாலே வீட்டுக்கு வந்து தலை முழுகுகிறவள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டான். வெட்கமாகவும் இருந்தது.

"சாமி" என்றார் பெட்டியோடு பின்னாலேயே வந்த கோமதிநாயகம். "பெட்டிய எறக்கணுமா, திரும்பப் படகுக்குக் கொண்டுபோணுமா? அத மட்டும் சொல்லுங்க. தோளு கடுக்குது."

"இங்கேயே இறக்குங்கோ" என்றாள் வாலாம்பாள்.

சந்திரமௌலி திகைத்துப்போனான். "இங்கேயா? மீன் இருக்கே. உன் மடி என்னாறது?"

"ஊர்க் குளத்துல மீன் காலைக் கடிக்கக் கடிக்கத்தானே குளிச்சோம்? சட்டியில விழுந்தாத்தான் அது மீன். தண்ணியில இருக்கற வரைக்கும் பகவானோட முதல் அவதாரம்." ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஒழுகின தடம் இல்லை. "மாதுங்காவுல ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்காம படுத்ததே இல்லை. எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு."

"நிலையத்துத் துரை வந்து கேட்டா?"

"கேட்டா நான் பேசிக்கறேன்."

அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கொட்டகைக்கு ஓடி, தன் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு வந்தான். வாலாம்பாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இதென்ன?"

"என் பாய்."

"ஆளுக்கு ஒரு அறைன்னு நீங்கதானே சொன்னேள்?"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவள் களவாவிடம் சௌக்கியம் விசாரிப்பது நன்றாகவே கேட்டது. சந்திரமௌலி பாயைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றான்.

கோமதிநாயகம் தோளைத் தேய்த்துக்கொண்டார். "வாங்க சாமி, கொட்டகைக்குப் போவோம். இன்னைக்கும் ரசம் நீங்கதான் வைக்கணும் போலிருக்கு."